விரதகாலத்தில் மாத்திரை கொள்ளல் தகுமோ?

ஐப்பசி மாதத்துப் பூர்வபக்கப் பிரதமை முதற் சட்டி ஈறாகிய ஆறு நாளும் கந்தசட்டி விரதம் அநுட்டிப்போர் நம் ஊர்களில் இன்றும் பலராவர். அக்காலத்திலே ஆசிரியராகிய நம்மை நோக்கி வரும் வினாக்களுள் ஒன்று, நம் பாட்டன்மார் காலத்தில் எழுந்திராதது. நீர் மாத்திரம் அருந்தி ஆறு நாள் உபவசிக்கும் ஒருவர், வைத்தியர் கொடுத்த விற்றமின் மாத்திரையையோ உப்புக் கரைத்த நீரையோ உட்கொள்ளின் அவர் விரதம் பங்கப்படுமோ படாதோ என்பதே அது. மாணாக்கர் கேட்கின்றனர், அவர்தம் தாய்மார் கேட்பிக்கின்றனர், உடனாசிரியரும் கேட்கின்றனர். இதற்கு விடை கூறுதல் மிக எளிதென்று யாம் ஒருகால் எண்ணியிருந்தோம். அவ்வெண்ணம் பிழைத்த வரலாற்றை முதலிலே கூறிவிடுதல் நன்று.

சில ஆண்டுகளின் முன் எம்மோடு ஒரே பாடசாலையிற் கற்பித்த ஆசிரியை ஒருவர் இருந்தார். நாற்பது வயது கடந்தவர். இரத்த அழுத்தத்திற்கு மருந்து உண்பவர். அம்மருந்து சிறுநீரை மிகுவித்து உடலின் உப்பை வெளியேற்றும் இனத்தது என்பதை யாம் பின்னரே அறிந்தோம். அவ்வாண்டு ஆறு நாளும் நீர் மாத்திரம் அருந்துவதென்று அவர் நேர்ந்துகொண்டார். அவருடைய வைத்தியர் முதலில் தடுத்தார். பின்னர் அவர் உறுதியைக் கண்டு, நாடோறும் ஒரு விற்றமின் மாத்திரை விழுங்கும்படியும், ஜீவனிப் பொதி ஒன்றை நீரிற் கரைத்து அருந்தும்படியும் சொல்லி விடுத்தார். மூன்று நாள் அவ்வாறே செய்தார். நான்காம் நாட் காலையில் ஆசிரியர் அறையிலே யாரோ முணுமுணுத்தது அவர் செவியிற் பட்டது போலும். இடைவேளையில் எம்மிடம் வந்து, பொதியைக் கைக்குள் மறைத்தபடியே, "ஐயா, இதைக் குடித்தால் விரதம் முறிந்துவிடுமோ?" என்று கேட்டார்.

யாம் நூலெதனையும் புரட்டவில்லை, வைத்தியரெவரையும் வினாவவில்லை. "பிள்ளை, விரதமென்றால் விரதந்தான். வாய்க்குள்ளே ஒன்று போன பின்பு உபவாசமென்று எப்படிச் சொல்லுவது?" என்றோம். சொல்லும்போது எமக்கு ஒரு பெருமிதமும் இருந்தது என்பதை மறைப்பதிற் பயனில்லை.

அவர் அன்றே அவ்விரண்டையும் விட்டார். அழுத்த மருந்தை மாத்திரம் விடாது உண்டார். களைப்புத் தோன்றும்போதெல்லாம் நீரை மிகுதியாக அருந்தினார். ஆறாம் நாள் மாலை, கோயில் வீதியிலே சூரன்போர் நடக்கும்போது சனநெருக்கத்தின் நடுவே வீழ்ந்தார். வைத்தியசாலையில் இரத்தத்தைச் சோதித்தவர்கள் சோடியம் மிகக் குறைந்துவிட்டதென்றனர். "சொன்ன மருந்தை ஏன் நிறுத்தினீர்?" என்று வைத்தியர் கேட்டபோது, "நானாகத்தான் விட்டுவிட்டேன்" என்று அவர் கூறினார். கட்டிலின் அருகே யாம் நின்றுகொண்டிருந்தோம். எம் பெயரை அவர் சொல்லவில்லை. மூன்று நாளிற் சுகமடைந்து வீடு திரும்பிப் பின்னர்ப் பாடசாலைக்கும் வந்தார். ஆயினும் எம்மிடம் யாதொரு வினாவும் வினாவுவதை விட்டொழித்தார்.

அதன்பின்னரே யாம் நூல்களைத் தேடத் தொடங்கினோம். ஒழுங்கு மாறித் தேடியது எம் குற்றமேயாம்.

நாவலர் பெருமான் தமது சைவ வினாவிடையில் விரதத்தின் இலக்கணம் கூறுமிடத்து, உணவை முற்றாக விடுதலையும் அதனைக் குறைத்தலையும் ஒருங்கு வைத்தே பேசினார். இரண்டும் மனத்தைப் புலன்களின் பின்னே ஓடவிடாது வழிபாட்டில் நிறுத்துதற்கு உதவுவன என்பதே அங்குக் கருத்து. ஆகவே உண்ணாமை விரதத்திற்குக் கருவியாவதன்றித் தானே விரதமாகாது. கந்தசட்டிக்கும் நம் முன்னோர் இரண்டு வழி வகுத்தனர். ஆறு நாளும் உபவசித்தல் ஒன்று. அஃது இயலாதவர் ஐந்து நாளும் ஒருபொழுது உண்டு சட்டியன்று மாத்திரம் உபவசித்தல் மற்றொன்று. இயலாதவர் இருப்பர் என்பதை விதி வகுத்தோரே அறிந்திருந்தனர். விநாயக சட்டிக்கு உரிய 21 நாளிலும், கேதாரகௌரி விரதத்து 21 நாளிலும் நாடோறும் ஒருபொழுது உண்டு வருதல் நம்மவர் பெருவழக்கு. நெடுநாள் நோன்பிற்கு உடல் எவ்வளவு தாங்கும் என்ற கணக்கு அவ்வழக்கினுள்ளே அடங்கிக் கிடக்கின்றது.

இவற்றினும் எம்மைத் திடுக்குறச் செய்தது வேறொன்று. மகாபாரதத்து உத்தியோக பருவத்திலே விரதத்தைப் பங்கப்படுத்தாத பொருள்கள் எட்டு எண்ணப்பட்டுள்ளன. நீர், கிழங்கு, கனி, பால், அவிசு என்பன ஐந்து. அந்தணர் விருப்பம், குருவின் சொல், மருந்து என்பன ஏனைய மூன்று. மருந்து அப்பட்டியலில் இருத்தல் கண்டு யாம் வியக்கவில்லை. குருவின் சொல் என்பதைக் கண்டபோதே நூலை மூடிவைத்தோம். விரதத்தால் நலிவுற்றவர் ஒருவர் தம் ஆசிரியரிடம் வந்து கேட்டால், ஆசிரியர் "உட்கொள்க" என்று சொல்லும் சொல்லே அவரைக் குற்றத்தினின்றும் விடுவிக்கும் என்பது அதன் பொருள். அவ்வம்மையார் எம்மிடம் வந்தது அச்சொல்லை வேண்டியே. கட்டவிழ்த்தற்குத் தரப்பட்ட உரிமையைக் கொண்டு யாம் கட்டை இறுக்கினோம்.

இனி, விற்றமின் மாத்திரை மருந்தாமோ உணவாமோ என்று ஐயுறுவாரும் உளர். நோய் வந்தபின் கொள்வதன்றோ மருந்து, நோயில்லாதவன் உடல் தளராதிருக்கக் கொள்வது உணவின் பாற்பட்டதன்றோ என்பர். இது நல்ல தடையே. திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரத்தைப் படிப்பித்தவர்கள் அறிவர், அங்கே பெரும்பாலும் பேசப்படுவது உண்ணும் அளவும் காலமுமே. உணவிற்கும் மருந்திற்கும் இடையே மதில் எழுப்ப வள்ளுவர் முயன்றாரல்லர். எனவே பொருளின் பெயரை வைத்து இவ்வழக்கைத் தீர்த்தல் ஆகாது. அப்பொருள் நோற்பவரிடத்துச் செய்யும் தொழிலை வைத்தே தீர்த்தல் வேண்டும்.

இவ்வாராய்ச்சி நமக்கு மாத்திரம் உரியதன்று. யாம் இளமையிற் கற்றது கத்தோலிக்கக் குருமார் தோற்றுவித்த பாடசாலையில். அவர்தம் திருச்சபையிலே, பானம் உபவாசத்தை முறிக்காது என்பது பழைய விதி. அமெரிக்கக் கண்டத்திலிருந்து சொக்கலேற்று ஐரோப்பாவிற்கு வந்தபோது, அது பானமோ உணவோ என்று குருமாரிடையே நெடுங்காலம் வாதம் நிகழ்ந்தது. கர்தினால் பிரங்காச்சியோ என்பவர் 1664இல் அது பானமே என்று நாட்டி ஒரு நூலே எழுதினார். சீனியும் கொக்கோவும் கலந்து காய்ச்சிய ஒன்றைப் பானமென்று சொல்லிக் குடிக்கலாமாயின், மாவைக் கரைத்த கூழையும் குடிக்கலாமே என்று நாம் நகைக்கலாம். நகைக்குமுன் நம் வீட்டு அடுக்களையையும் சற்றே எட்டிப் பார்த்தல் முறை. விரதநாள் இரவில், சோறுதான் இல்லையேயன்றி, வடையும் மோதகமும் பாயசமும் வாழையிலையை மறைக்கின்றன. அதற்குப் பலகாரம் என்று பெயர். இசுலாமியர் நோன்பிலோ பகலில் ஒரு மாத்திரை விழுங்கினும் நோன்பு முறியும். ஆயின் நோயாளர் அதனைப் பிறிதொரு காலத்தில் நோற்றுக்கொள்ள அவர்தம் வேதமே இடந்தருகின்றது. ஒவ்வொரு சமயத்தாரும் ஏதோ ஓரிடத்தில் எல்லை வகுத்துள்ளனர். எல்லையில்லாத சமயத்தை யாம் கண்டிலோம்.

உடலினுள் நிகழ்வதையும் ஆசிரியராயினார் அறிந்திருத்தல் வேண்டும். உண்ணாது ஏறக்குறைய ஒரு நாள் கழியுமளவில் ஈரலிற் சேமித்து வைத்த சர்க்கரை பெரும்பாலும் செலவாகிவிடும். பின்னர் உடல் தன் கொழுப்பை உருக்கி, அதனினின்றும் பிறக்கும் கீற்றோன் என்னும் பொருள்களால் மூளைக்கும் ஊட்டும். தசையும் சிறிது கரையும். தயமின் எனப்படும் பி1 விற்றமின் உடலிற் சேர்ந்திருப்பது சிறிதளவே. முற்றாக உட்கொள்ளாதவழி இரண்டு மூன்று வாரங்களில் அது தீர்ந்துவிடும். ஆகலின் நன்கு உண்டு வாழ்ந்த, நோயற்ற ஒருவருக்கு ஆறு நாளினுள் விற்றமின் குறைபாடு நேர்தல் அரிது. அவர்க்கு மாத்திரை பெரும்பாலும் வேண்டுவதேயன்று என்று நேராகச் சொல்லிவிடலாம். அன்றியும் ஏ, டி, ஈ, கே என்னும் விற்றமின்கள் கொழுப்புணவோடு சேர்ந்தே நன்கு உட்கவரப்படுவன. வெறுவயிற்றில் விழுங்கிப் பெறும் பயன் சிறிது. இரும்புச்சத்து மாத்திரை வெறுவயிற்றைக் கலக்கிக் குமட்டலை உண்டாக்கும். பொற்றாசியம் வைத்தியர் சொல்லின்றி உட்கொள்ளத் தக்கதன்று. மிகினும் குறையினும் இருதயத்தைத் தாக்கும். நீரிழிவிற்கு மருந்து கொள்பவர் உண்ணாதிருந்து அம்மருந்தை முன்போலவே கொண்டால், இரத்தச் சர்க்கரை தாழ்ந்து அறிவிழத்தலும் உண்டு. நிறுத்தினாலும் கேடு உண்டு. ஆதலின் நோயுடையார்க்கு விதி வைத்தியர் வாயிலிருந்தே வரல்வேண்டும். யாம் எம் ஆசிரியையிடம் சொன்னது போல வரலாகாது.

நாட்கள் பெருகினால் நிலைமை வேறாம். துருக்கி நாட்டுச் சிறைகளில் 1996இல் அரசியற் கைதிகள் 69 நாள் உண்ணாநோன்பு இருந்தனர். பன்னிருவர் மாண்டனர். பிழைத்தவருட் பலர் நடை தள்ளாடியும் கண் நிலைகொள்ளாதும் நினைவு கெட்டும் போயினர். அவர்கள் நீரோடு உப்பும் சர்க்கரையும் கொண்டிருந்தனர், தயமின் கொண்டிலர். சர்க்கரையை எரித்தற்குத் தயமின் வேண்டும். ஆகவே தயமினின்றிச் சர்க்கரை மாத்திரம் கொள்ளுதல் எஞ்சியதையும் விரைந்து தீர்க்கும். 2000இல் தொடங்கிய பின்னைய நோன்பில் பி1 மாத்திரையைச் சேர்த்துக்கொண்டனர். சிலர்க்கு நோன்பு இருநூறு நாளையும் கடந்தது; மரணமோ ஒழிந்திலது. அவர்தம் நோக்கம் வழிபாடன்று. அதனை எடைபோட யாம் ஈண்டு வரவில்லை. நல்லூர் வீதியிலே 1987 புரட்டாதியில் நீரும் அருந்தாது பன்னிரண்டாம் நாளில் ஓர் இளைஞர் உயிர் நீத்ததைக் கண்டவர்கள் நம்முள் இருக்கின்றோம். அதுவும் வேறு வகையைச் சார்ந்ததே. துருக்கியரின் வரலாற்றினின்றும் யாம் கொள்வது ஒன்று. தயமின் பசியைத் தணிப்பதன்று, சுவையுடையதன்று, வயிற்றை நிரப்புவதுமன்று. அஃதில்லாதபோது கெடுவது மூளை. எம்பெருமான் திருநாமத்தை நினைத்தற்கென்று நோன்பு பூண்ட ஒருவர், நினைக்கும் கருவியையே இழந்துவிட்டால் எஞ்சிய நோன்பை எதனைக் கொண்டு முடிப்பார்?

"துன்புறுதலன்றோ தவம்? துன்பத்தை மருந்தால் மெத்தென்று ஆக்கினால் தவம் எங்கே?" என்று வினாவுவார்க்கும் இதுவே விடை. மாத்திரையை விழுங்கியவனுக்குப் பசி சிறிதும் குறையாது. அவன் துறந்தது துறந்தபடியே இருக்கும்.

மறுதலையாக, உண்ணாமை ஒன்றே விரதமாமெனின், ஸ்கொத்லாந்து தேசத்து அங்கஸ் பார்பியேரி என்பவரே விரதிகளுள் தலைவராதல் வேண்டும். அவர் 1965 ஜூன் முதல் 1966 ஜூலை வரை 382 நாள் திடவுணவு கொள்ளாதிருந்தார். மிகப் பருத்த உடலினராதலின் டண்டி நகரத்து வைத்தியர்களின் மேற்பார்வையில் உடல் மெலிதற்பொருட்டு அவ்வாறு செய்தார். விற்றமின்களும் பொற்றாசியமும் ஈஸ்ற்றும் அவருக்கு வழங்கப்பட்டன. 207 கிலோவாக இருந்த நிறை 82 கிலோவாயிற்று. பிறர் இதனைப் பின்பற்றுதல் உயிர்க்கு அபாயம். அவர் செய்தது நல்ல சிகிச்சை. அதனை விரதமென்று அவரே சொல்லியிரார்.

காந்தியடிகள் பூனா ஆகாகான் மாளிகைச் சிறையில் 1943 பெப்ரவரி 10 முதல் மார்ச் 3 வரை 21 நாள் உபவசித்த வரலாறு இவ்வினாவிற்கு மிக அண்மையது. தாம் வழக்கமாக உபவாசத்தில் உப்புக் கலந்த நீரை அருந்துவதையும், இம்முறை வெறுநீரைத் தம் உடல் ஏலாமையால் தோடை இனப் பழச்சாறு கலந்துகொள்ளப் போவதையும், சாதல் தம் நோக்கமன்று என்பதையும் அவர் தொடங்குமுன்னரே வைசிராய்க்கு எழுதிய கடிதத்தில் வெளிப்படையாகச் சொல்லிவிட்டார். பழச்சாறு சுவையுடையது, சர்க்கரையுடையது. ஆயினும் அவரை விரதம் முறித்தவர் என்று கூறல் பொருந்தாது. அவர் பூண்டது அதுவே. நம் வழக்கில் இதற்குச் சங்கற்பம் என்று பெயர். காப்புக் கட்டும்போதே "இன்னது விடுகின்றேன், இன்னது கொள்கின்றேன்" என்று சந்நிதியிற் சொல்லிக்கொள்பவருக்கு, கொள்வேனென்று சொன்ன உப்புநீரால் பங்கம் இல்லை. நீர் மாத்திரம் என்று சங்கற்பித்துவிட்டு இடையிலே நலிவு வந்தவருக்கு மருந்தும் குருவின் சொல்லும் உண்டு. இவ்விரண்டினுள்ளும் அடங்காதது, நீர் மாத்திரமென்று ஊரறியச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு மோல்ற் பானம் குடித்தல். அங்கே பங்கப்பட்டது உபவாசம் மாத்திரமன்று.

அப்படிக் கதவைச் சாத்தச் செய்பவர் யாவர்? அதிற் பெரும்பங்கு நம்முடையது என்றே யாம் கருதுகின்றோம். "ஆறு நாளும் நீரோ? பாலும் பழமுமோ? ஒருபொழுதோ?" என்று விசாரித்து, அதற்கேற்ப முகத்தை மலர்த்தியும் சுருக்கியும் பழகிவிட்டோம். ஒருபொழுது உண்பவர் அதனைத் தாழ்ந்த குரலிற் சொல்கின்றார். முன்னோர் தடையின்றி வகுத்த வழியை நாணத்தக்கதாக ஆக்கியது எந்த ஆகமம்? பிள்ளைகளிடத்து இது மிகப் பொல்லாதது. உயர்வகுப்பு மாணவி ஒருத்தி நீர்விரதம் என்றால், அவளினும் இளைய நான்கு பிள்ளைகள் போட்டியிட்டுத் தொடங்கி, காலைப் பிரார்த்தனையில் நிற்கமாட்டாது சாய்கின்றனர். வளரும் பிள்ளைக்கு ஒருபொழுதே மிகுதி. அதனையும் தாய் தந்தையர் அறியச் செய்தல் வேண்டும்.

பசியைத் தணிக்கும் இன்சுவைப் பொடிகளும் புரதப் பானங்களும் துணையூட்டம் என்ற பெயரோடு இக்காலக் கடைகளில் நிறைந்திருக்கின்றன. அவை உணவே. வேண்டுவோர் உணவென்று அறிந்து, ஒருபொழுது உணவாகக் கொள்ளலாம். ஜீவனியிலும் குளுக்கோசு உண்டு. ஆயின் அது உப்பையும் நீரையும் குடலினூடே செலுத்துதற்பொருட்டு அளவறிந்து சேர்க்கப்பட்டது, பசி தீர்த்தற்கன்று. அதனை மருந்தென்றே கொள்வோம்.

சைவர் பலர் கவனியாத மற்றொன்றும் உண்டு. விற்றமின்கள் பல, மெல்லிய உறைக்குள் இட்டு விற்கப்படுகின்றன. அவ்வுறை பெரும்பாலும் செலற்றின் என்னும் பொருளாற் செய்தது. செலற்றின் மாடு, பன்றி முதலியவற்றின் தோலினின்றும் எலும்பினின்றும் எடுப்பது. மீனெண்ணெய் உறைகளைப் பற்றிச் சொல்ல வேண்டுவதில்லை. விரதம் முறியுமோ என்று அஞ்சி எம்மிடம் வந்தவர்களுள் ஒருவரேனும் உறை எதனாலாயது என்று கேட்டதில்லை. பொடியை அழுத்திச் செய்த மாத்திரைகளும், தாவரப் பொருளாலாகிய உறைகளும் கிடைக்கின்றன. மருந்துக்கடையிற் கேட்டு வாங்குதல் இயலும்.

பாறணையைப் பற்றியும் ஒன்று சொல்லுதல் வேண்டும். இரண்டாம் உலகப்போரின் முடிவில் விடுதலை பெற்ற பட்டினிக் கைதிகளுட் பலர் உணவு கிடைத்த பின்னரே மாண்டனர். நெடுநாட் பட்டினி கிடந்த உடலுக்குத் திடீரென மிகுந்த உணவு கொடுத்தால், இரத்தத்திலுள்ள பொசுபேற்று, பொற்றாசியம், மக்னீசியம் என்பன விரைந்து உயிரணுக்களுட் புகுந்து, இரத்தத்தில் அவை தாழ்ந்து இருதயம் தடுமாறும். ஐந்து நாளுக்கு மேல் ஒன்றும் உண்ணாதவர்க்கு முதல் இரண்டு நாளும் வழக்கமான உணவிற் பாதிக்கு மேற் கொடுத்தலாகாது என்பது இக்கால வைத்திய விதி. கந்தசட்டி ஆறு நாள் என்பதை நினைவிற் கொள்க. ஏழாம் நாட் காலையிற் பாறணை என்று பத்துக் கறியும் அப்பளமும் பாயசமும் படைத்து, "ஆறு நாள் கிடந்த வயிறு, நன்றாகச் சாப்பிடு" என்று வற்புறுத்தும் அன்பு, அவ்வாறு நாளினும் ஆபத்தானதாகலாம். நீர்த்த கஞ்சியோடு தொடங்குதல் உத்தமம்.

மறு ஆண்டு ஐப்பசி பிறந்தபோது யாமே அவ்வாசிரியையின் இல்லஞ் சென்றோம். விறாந்தையில் இருந்து, முன்னாண்டு யாம் கூறியது பிழையென்றும், வைத்தியர் சொன்னதே முறையென்றும், நூலிற் கண்டவற்றையும் எடுத்துச் சொன்னோம். அவர் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. இம்முறை நீர்விரதம் வேண்டாம், ஒருபொழுது உண்க என்று வைத்தியர் சொல்லிவிட்டதாகவும், தாம் அதற்கு உடன்பட்டுவிட்டதாகவும், சட்டியன்று மாத்திரம் ஜீவனி அருந்தப் போவதாகவும் பின்னர்க் கூறினார். தேநீர் கொணர்ந்து வைத்தார். யாம் எழும் வேளையில், "ஐயா, பாறணைக்கு எத்தனை மணிக்குக் கஞ்சி வைக்கலாம்?" என்று கேட்டார். ஓராண்டின் பின் அவர் எம்மிடம் கேட்ட முதல் வினா அது. பஞ்சாங்கத்தைப் பார்த்துவிட்டு மறுநாள் சொல்வதாகக் கூறி வந்தோம்.